மங்காவிலிருந்து எதைத் திருடலாம்: சண்டை விளையாட்டுக்குக் கேரக்டர் வரைவது எப்படி

"மங்கா ஸ்டைலில் ஒரு ஃபைட்டர் வரைந்து கொடு" என்று, அதாவது ஜப்பானியக் காமிக்ஸ் பாணியில் ஒரு சண்டைக்காரனை, யாராவது கேட்டால், பெரிய கண், முள்ளு முள்ளாய் நிற்கும் முடி, இடுப்பில் நாலு பெல்ட், முதுகில் ஆளுயர வாள் என்று கை தானாக ஓட ஆரம்பித்துவிடும். எனக்கும் அப்படித்தான் ஓடியது. நண்பர்களோடு சேர்ந்து ஒரு சின்ன இருபரிமாணச் சண்டை விளையாட்டு செய்துகொண்டிருந்தபோது மூன்று வாரம் உட்கார்ந்து ஒருவனை வரைந்தேன்: ஏழு பெல்ட், பாதி முகமூடி, ஒரு கையில் மட்டும் சங்கிலி. தாளில் பார்த்தவர்கள் எல்லோரும் ஆஹா என்றார்கள். திரையில் அவன் உயரம் நூறு பிக்சல் சொச்சம். பெல்ட் ஏழும் சேர்ந்து ஒரு பழுப்புப் பட்டை ஆகிவிட்டது, முகமூடி தாடி போலத் தெரிந்தது, விளையாடிப் பார்த்தவன் "இவன் இப்போ உதைச்சானா, நடந்தானா?" என்று கேட்டான்.

அந்த அவமானத்துக்குப் பிறகுதான் பழைய சண்டை விளையாட்டுகளையும் அவை கடன் வாங்கிய மங்காக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆரம்பித்தேன். அந்தக் கடனில் கண்ணும் முடியும் வெறும் சில்லறை. பெரிய நோட்டு வேறு இடத்தில் இருக்கிறது: அசையாமல் நிற்கும் ஒரு படத்தை அரைநொடியில் வாசகனுக்குப் புரியவைக்கும் வித்தை. கீழே இருப்பதெல்லாம் அதை எப்படி எடுத்துக்கொள்வது என்பதுதான். வரையத் தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன், ஆனால் குச்சி மனிதன் வரைபவர்களும் முக்கால்வாசியைச் செய்து பார்க்கலாம்.

முதலில் யாராவது ஒருவரின் பூர்வீகத்தைத் தோண்டுங்கள்

பென்சிலைத் தொடுவதற்கு முன்னால் உங்களுக்குப் பிடித்த ஒரு சண்டைக் கேரக்டரை எடுத்து, அவர் எங்கிருந்து வந்தார் என்று தேடுங்கள். பிறகு ஒரு தாளில் மூன்றே விஷயம் எழுதுங்கள்: எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள், வெளியிலிருந்து எதைச் சேர்த்தார்கள்.

டெக்கன் என்ற சண்டை விளையாட்டில் வரும் கிங்கை எடுத்துக்கொள்வோம். 1994-இல் வந்த முதல் விளையாட்டிலேயே இருப்பவர், சிறுத்தை முகமூடி போட்ட மெக்ஸிகோ மல்யுத்த வீரர், அனாதை இல்லம் நடத்துகிறவர். இந்தக் கதை 1968-இல் தொடங்கிய டைகர் மாஸ்க் மங்காவை அப்படியே ஞாபகப்படுத்தும். அதிலும் அனாதை இல்லத்தில் வளர்ந்த ஒருவன் புலி முகமூடி போட்டு மல்யுத்தம் செய்து, அந்தப் பணத்தை இல்லத்துக்குக் கொடுக்கிறான். ஆனால் டெக்கன்காரர்கள் அதோடு நிற்கவில்லை. மெக்ஸிகோவில் ஃப்ரே டோர்மெண்டா என்ற பெயரில் முகமூடி போட்டு மல்யுத்தம் செய்து அனாதைக் குழந்தைகளை வளர்த்த நிஜமான பாதிரியார் ஒருவர் இருந்தார். அவரையும் உள்ளே இழுத்துக்கொண்டார்கள். எடுத்தது முகமூடியும் அதன் காரணமும். விட்டது புலியும் ஜப்பானும். சேர்த்தது நிஜ வாழ்க்கை ஒன்று. இப்படி எழுதிப் பார்த்தால், நகலுக்கும் வம்சத்துக்கும் என்ன வித்தியாசம் என்பது கண்ணுக்குத் தெரியும்.

கேப்காம் நிறுவனத்தின் ஸ்ட்ரீட் ஃபைட்டர் விளையாட்டில் வரும் ரியூ என்ற கராத்தேக்காரன் இன்னொரு உதாரணம். 1970-களில் வந்த கராத்தே பாகா இச்சிதாய் என்ற மங்கா, கியோகுஷின் கராத்தேயை நிறுவிய மாஸ் ஓயாமாவின் வாழ்க்கையை நிறைய மசாலா போட்டுச் சொன்னது. வெள்ளை உடை, ஊர் ஊராய்ப் போய்ச் சண்டை, ஒவ்வொரு ஊரிலும் ஒரு வேறு பாணிக்காரன் என்கிற ரியூவின் மொத்த வாழ்க்கையும் அந்த மண்ணில் முளைத்ததுதான். ரியூவின் எதிரியான சகாட்டில்கூட அதே மங்காவில் வரும் ரெய்பா என்ற முவாய் தாய் (தாய்லாந்துக் குத்துச்சண்டை) வீரனின் சாயல் உண்டு. இங்கே ஒரு வேடிக்கை: டைகர் மாஸ்க்கை எழுதியதும் கராத்தே பாகா இச்சிதாயை எழுதியதும் ஒரே ஆள், இக்கி கஜிவாரா. வேறு புனைபெயரில் குத்துச்சண்டை மங்காவான அஷிதா நோ ஜோவை எழுதியவரும் அவரேதான். அந்த மங்கா பிரபலமாக்கிய கிராஸ் கவுண்ட்டர் குத்து, பிற்பாடு ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3-இல் குத்துச்சண்டைக்காரன் டட்லியின் கையில் அதே பெயரில் வந்து சேர்ந்தது. ஒரு மனிதரின் மேஜையிலிருந்து மல்யுத்தக்காரன், கராத்தேக்காரன், குத்துச்சண்டைக்காரன் மூன்று பேருக்கும் நூல் போகிறது.

எல்லாவற்றையும் மங்காவின் கணக்கில் எழுதிவிடவும் வேண்டாம். ரியூ உள்ளங்கைகளிலிருந்து எய்யும் ஹடோகென் என்ற சக்திப் பந்து எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பலரும் டிராகன் பால் மங்காவில் வரும் காமேஹாமேஹா என்பார்கள். முதல் ஸ்ட்ரீட் ஃபைட்டரை இயக்கிய தகாஷி நிஷியாமா காட்டியது வேறு திசை: யமாடோ என்ற விண்வெளிக் கப்பல் அனிமேவில் (ஜப்பானிய அசைபடம்) கப்பலின் மூக்கிலிருந்து பாயும் ஹடோஹோ பீரங்கி. ஒரு கப்பல் செய்ததை மனிதன் இரண்டு உள்ளங்கைகளால் செய்தால் எப்படியிருக்கும் என்ற கேள்விதான் அந்த அடி. உங்கள் கேரக்டருக்கும் இந்த மாதிரி இடம் மாற்றிப் பார்க்கிற கேள்வி ஒன்று இருந்தால் பாதி வேலை முடிந்தது.

வண்ணப்பெட்டியைப் பூட்டி வையுங்கள்

வார இதழ் மங்கா மட்டமான காகிதத்தில் ஒற்றை மையில் அச்சாகும். சிவப்புச் சட்டைக்காரன், நீலச் சட்டைக்காரன் என்றெல்லாம் பிரிக்க வழியே கிடையாது. ஆகவே ஆளை அடையாளம் காட்டும் முழுப் பாரமும் உருவத்தின் ஓரக்கோட்டின் மேல் விழுகிறது: முடி எந்தப் பக்கம் போகிறது, தோள் எவ்வளவு அகலம், கழுத்தில் என்ன தொங்குகிறது. முடி ஏன் அப்படி முள்ளாய் நிற்கிறது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். அது வெறும் அலங்காரமாக வந்ததல்ல. இருபது பேர் வரும் கதையில் ஆள் தப்பாமல் பார்த்துக்கொள்ளும் அவசியத்தில் வந்தது.

சண்டை விளையாட்டும் இதே சிக்கலில் மாட்டியது, வேறு காரணத்துக்காக. இரண்டு பேரும் ஒரே கேரக்டரைத் தேர்ந்தெடுத்தால் ஒருவருக்கு வேறு வண்ணம் கொடுக்க வேண்டும். அதாவது வண்ணம் நிரந்தரம் இல்லை, எப்போது வேண்டுமானாலும் மாறும். 90-களின் ஆர்கேட் (காசு போட்டு ஆடும் விளையாட்டு எந்திரம்) பலகைகளில் ஒரு வண்ணத் தட்டுக்கு 16 வண்ணம், அதிலும் ஒன்று ஒளி ஊடுருவும் வெற்று இடத்துக்குப் போய்விடும். பாக்கி 15. இந்த நிலைமையில் மங்காக்காரர்களின் கருப்பு வெள்ளை அனுபவம் அந்த ஓவியர்களுக்கு வரப்பிரசாதம்.

ரியூவையும் கென்னையும் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-இல் பாருங்கள். உடம்பு ஏறக்குறைய ஒன்றுதான், மாறுவது தலையும் வண்ணமும். வண்ணத்தை எடுத்துவிட்டாலும் பட்டை கட்டிய தலை, அடர்ந்த முடித் தலை என்று பிரித்துவிடலாம். அதே விளையாட்டில் வரும் ராணுவக்காரன் கைலின் கதை இன்னும் நல்லது. தலைக்கு மேல் செங்கல் வைத்தது போன்ற அந்த முடி, ஜோஜோ மங்காவின் மூன்றாம் பாகத்தில் வரும் போல்னரெஃப்பின் தலையிலிருந்து வந்தது. எஸ்.என்.கே நிறுவனத்தின் கிங் ஆஃப் ஃபைட்டர்ஸில் வரும் பெனிமாருவின் நட்டுக்குத்தான முடியைப் பார்த்தாலும் அதே ஆள்தான் ஞாபகத்துக்கு வருவார். ஒரே மூலம், ஆனால் ஒருவன் ராணுவக்காரன், இன்னொருவன் மின்சாரம் பாய்ச்சும் ஸ்டைல் மன்னன். யாரும் குழம்புவதில்லை.

செய்ய வேண்டியது இதுதான். உங்கள் கேரக்டரைக் கட்டைவிரல் உயரத்துக்கு வரையுங்கள், அதற்கு மேல் வேண்டாம். முழுக்கக் கருப்பால் நிரப்புங்கள். பக்கத்தில் ஏற்கனவே உள்ள மற்ற கேரக்டர்களையும் அதே மாதிரி கருப்பாக நிறுத்துங்கள். யார் யார் என்று ஒரு நொடியில் சொல்ல முடியவில்லையென்றால் அழித்துவிட்டு மறுபடி. அது தேறிய பிறகு வெள்ளை, சாம்பல், கருப்பு என மூன்று தரம் மட்டும் வைத்து உள்ளே பிரியுங்கள். சாம்பல் என்பது மங்காவில் ஸ்கிரீன்டோன் என்ற புள்ளித் தாளை ஒட்டுவது மாதிரி. முழுக் கருப்பு எங்கே விழுகிறதோ அங்கேதான் கண் போகும், எனவே அதை முகத்துக்கோ அடிக்கும் கை காலுக்கோ பக்கத்தில் வையுங்கள். என் பழைய ஆளுக்கு முழுக் கருப்பு இடுப்பில் இருந்தது. எல்லோரும் அவன் இடுப்பையே பார்த்தார்கள்.

கஷ்டத்தைக் கண்டு பயப்படவும் வேண்டாம், சோம்பேறித்தனம்கூடச் சில சமயம் நல்ல டிசைன் கொடுக்கும். டிராகன் பாலில் நாயகன் கோகு சூப்பர் சாயன் என்ற உருமாற்றம் அடைந்ததும் அவன் முடி ஏன் வெளிறிப்போகிறது தெரியுமா? ஒவ்வொரு கட்டத்திலும் கருப்பு மை நிரப்புகிற உதவியாளரின் நேரத்தை மிச்சப்படுத்தத்தான் என்று அதை வரைந்த டோரியாமாவே சொல்லியிருக்கிறார். உலகமே மயங்கிய உருமாற்றம், மூலகாரணம் மை.

உடம்பைப் பார்த்ததும் அடி தெரிய வேண்டும்

தலையை மறைத்துவிட்டுக் கேளுங்கள்: இவர் எப்படி அடிப்பார்? ஸ்ட்ரீட் ஃபைட்டரின் சுன்-லி என்றால் தொடையே பதில் சொல்லிவிடும். ஹோண்டாவுக்கு உள்ளங்கை. தல்சிமுக்கு ஒட்டிய வயிறும் நீளமான கைகால்களும். (தல்சிம் கழுத்தில் மண்டையோட்டு மாலை மாட்டியதை மட்டும் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. இந்திய யோகி என்றதும் இதுதான் தோன்றியதா என்று கேட்கத் தோன்றும். ஒரு நாட்டையே ஒரு பொருளில் சுருக்கும்போது, அந்த நாட்டுக்காரன் அதைப் பார்த்து என்ன நினைப்பான் என்றும் ஒரு தடவை யோசித்துவிடுங்கள்.) ஆனால் கை நீளும் என்பதை உடம்பின் வாகிலேயே சொல்லிவிட்ட விதம் அற்புதம், அதை மறுக்க முடியாது.

மங்காவில் சண்டைக் காட்சிகளைக் கவனித்தால், முன்னால் வரும் முஷ்டி முகத்தைவிடப் பெரிதாக இருக்கும். கேமராவுக்கு அருகில் வருவதால் மட்டுமல்ல, அந்தக் கட்டத்தில் முக்கியமான பொருள் அதுதான் என்பதால். கேப்காமின் பழைய ஸ்பிரைட்டுகளை (திரையில் அசையும் கேரக்டர் படங்களை) நிறுத்தி வைத்துப் பாருங்கள், கையும் பாதமும் உடற்கூறியல் கணக்கைவிடப் பெரிதாகவே இருக்கும். எதிராளிக்குக் காயம் தரும் பகுதி அதுதான், எனவே அது தெரிந்தே ஆக வேண்டும். வரையும்போது கூச்சப்படாமல் முஷ்டியைக் கால்வாசி பெரிதாக்குங்கள். அசையும்போது சரியாகத்தான் தெரியும்.

துணியும் ஆயுதமாகலாம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆல்ஃபாவில் வரும் ரோஸ், தோளில் போட்ட நீளத் துணியில் சக்தியைப் பாய்ச்சி அடிக்கிறாள். ஜோஜோ இரண்டாம் பாகம் படித்தவர்களுக்கு லிசா லிசாவின் ஸ்கார்ஃப் ஞாபகம் வராமல் போகாது. இங்கே கற்க வேண்டியது என்னவென்றால், அந்தத் துணி மூன்று வேலை பார்க்கிறது: நிழலுருவத்தை அகலமாக்குகிறது, அடியின் எல்லையைக் காட்டுகிறது, அவள் சும்மா நிற்கும்போதும் அசைந்து உயிர் கொடுக்கிறது. ஒரே பொருள் மூன்று வேலை பார்த்தால் வையுங்கள், ஒரு வேலைகூடப் பார்க்காவிட்டால் கழற்றிவிடுங்கள். என் ஏழு பெல்ட்டில் ஆறு அன்றைக்கே போய்ச்சேர்ந்தன.

தழும்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. சகாட்டின் மார்பில் குறுக்கே ஓடும் தழும்பு முதல் விளையாட்டில் ரியூ கொடுத்தது. ஒரு வரிகூட உரையாடல் இல்லாமல் இரண்டு பேரின் பகை முழுக்க உடம்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. சண்டை விளையாட்டில் கதை சொல்ல இடம் ரொம்பக் குறைவு, அதனால் கதையைத் தோலில் எழுதுவதுதான் சிக்கனம்.

கட்டத்தை ஃப்ரேமாக மாற்றுவது

இந்தப் பகுதிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். நல்ல உடை போட்ட கேரக்டரும் இங்கேதான் செத்துப்போகிறது.

பெரும்பாலான சண்டை விளையாட்டுகள் நொடிக்கு 60 ஃப்ரேம், அதாவது 60 படம், ஓடும். ஒவ்வொரு அடிக்கும் மூன்று பகுதி: ஓங்கும் நேரம், அடி செல்லுபடியாகும் நேரம், கையை மீட்டுக்கொள்ளும் நேரம். ஒரு சின்னக் குத்து ஓங்குவதற்கு 4 ஃப்ரேம் ஆகிறது என்றால் அது நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு. மனிதன் கண்ணால் பார்த்துக் கை அசைக்கவே கால் நொடி வாக்கில் ஆகும். அதாவது சின்னக் குத்தை யாரும் பார்த்துத் தடுப்பதில்லை, ஊகித்துத்தான் தடுக்கிறார்கள். மாறாக 20, 25 ஃப்ரேம் ஓங்கும் பெரிய அடியைப் பார்த்துத் தடுக்க முடியும். தடுக்க முடிய வேண்டும் என்றால் அந்த ஓங்கலைப் பார்த்ததுமே புரிய வேண்டும். அங்கேதான் ஓவியன் வருகிறான்.

மங்காக்காரரிடம் அசைவே கிடையாது. ஒரு உதையைக் காட்ட அவருக்கு ஒன்றிரண்டு கட்டங்கள்தான் கிடைக்கும். எனவே எந்த நொடியை வரைவது, எதை விடுவது என்பதுதான் அவருடைய முழுத் தொழில். பொதுவாக, கால் முழுதாய்ச் சுருண்ட நிலையையும், அடி விழுந்து முடிந்து எதிராளி பறக்கும் நிலையையும் வரைவார். நடுவில் நடந்ததை வாசகனே மனதில் ஓட்டிக்கொள்வான். வேகக் கோடுகள் அதற்குத் துணை.

இதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு அடிக்கு முதலில் மூன்றே படம்: முழுதாய் இழுத்த நிலை, முழுதாய் நீண்ட நிலை, சமநிலை குலைந்து திரும்பும் நிலை. நடுப்படங்களை இப்போது வரையவே கூடாது. மூன்றையும் தனித்தனியாக ஒரு நண்பரிடம் காட்டி, இது குத்தா உதையா, மேலே போகிறதா கீழே போகிறதா என்று கேளுங்கள். முதல் படத்தை மட்டும் பார்த்தே அவர் சரியாகச் சொன்னால் அது தடுக்கக்கூடிய அடி. சொல்ல முடியாவிட்டால் முதுகுத்தண்டின் வளைவை மிகைப்படுத்துங்கள், வில்லை இழுப்பது போல. பெரிய அடிகளுக்கு முதல் படத்தைத்தான் திரையில் அதிக நேரம் நிறுத்த வேண்டும், இரண்டாவதுக்குப் போகும் பாதையில் ஒரேயொரு மங்கலான படம் போதும். பதினைந்து நடுப்படம் வரைந்து வழவழவென்று ஓடவிட்டால் அழகாக இருக்கும், அடி மட்டும் விழாது. இதை நம்ப எனக்கே ஒரு மாதம் ஆனது.

2014-இல் வந்த கில்டி கியர் எக்ஸ்ஆர்டி என்ற சண்டை விளையாட்டு இந்த விஷயத்தில் ஒரு பாடப்புத்தகம். முப்பரிமாண மாடல்கள்தான், ஆனால் பார்த்தால் கையால் வரைந்தது மாதிரியே இருக்கும். கணினி தானாக ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு வழுக்கிக்கொண்டு போவதை வேண்டுமென்றே அணைத்துவிட்டு, ஒவ்வொரு நிலையையும் கையால் வைத்து, ஒவ்வொன்றையும் சில ஃப்ரேம் அப்படியே நிறுத்தினார்கள். நிழல் எங்கே விழ வேண்டும் என்பதைக்கூட மாடலின் பரப்பைக் கையால் திருத்தித் தீர்மானித்தார்கள். அந்தந்த நிலைக்கு ஏற்ப கையை, முகத்தை நீட்டிச் சுருக்கினார்கள். சக்தி வாய்ந்த எந்திரம் இருந்தும், எந்திரம் இல்லாதவனின் பழக்கங்களைத் தேடிப்போய்க் கடைப்பிடித்தார்கள்.

அடுத்தது அடி விழும் கணம். மங்காவில் அந்தக் கட்டம் பக்கத்தில் பாதியை விழுங்கும், வாசகனின் கண் அங்கே ஒரு கணம் நிற்கும். விளையாட்டில் அதற்கு இணையானது ஹிட்ஸ்டாப்: அடி பட்டதும் இருவரும் சில ஃப்ரேம் உறைந்து நிற்பார்கள். பெரிய அடிக்கு அதிகம், சின்ன அடிக்குக் குறைவு. இந்த உறைந்த படம் உங்கள் கேரக்டரின் விளம்பரப் பலகை. விளையாடுபவன் வேறெந்த நிலையையும்விட இதைத்தான் தெளிவாகப் பார்ப்பான், அதனால் இந்த ஒரு படத்தைச் சுவரொட்டி வரைவது போல வரையுங்கள்.

எண்ணிக்கையை வைத்து மிரட்டும் வித்தையும் உண்டு. 1983-இல் தொடங்கிய ஹொகுதோ நோ கென் மங்காவில் நாயகன் கென்ஷிரோவின் ஹியாகுரெட்சு கென் என்ற சரமாரிக் குத்து ஒரே கட்டத்தில் டஜன் கணக்கில் முஷ்டிகளைக் காட்டும். அந்த ஹியாகுரெட்சு என்ற சொல்லே ஹோண்டாவின் நூறு அறைக்கும் சுன்-லியின் நூறு உதைக்கும் ஜப்பானியப் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நூறு கையை யாரும் அசைத்துக் காட்டவில்லை. நாலைந்து படங்களை வேகமாய்ச் சுழற்றிக் கண்ணை ஏமாற்றினார்கள், மங்காக்காரர் ஒரே படத்தில் ஏமாற்றியதைப் போலவே.

அப்புறம், எதையுமே காட்டாமல் விடுவது. ஸ்ட்ரீட் ஃபைட்டரில் வரும் அகுமாவின் ஷுன் கோகு சட்சு அடியில் திரை இருண்டுவிடும், அடிகளின் வெளிச்சக் கீற்று மட்டும் பளிச் பளிச்சென்று தெரியும். திரை விடியும்போது அவன் முதுகைக் காட்டி நிற்பான், எதிராளி தரையில். உள்ளே என்ன நடந்தது என்று எவருக்கும் தெரியாது. இரண்டு கட்டங்களுக்கு நடுவே இருக்கும் அந்த வெள்ளை இடைவெளியை அப்படியே ஒரு அடியாக மாற்றியது போல இருக்கிறது. படம் வரைய ஆள் குறைவாக இருக்கும் சின்னக் குழுக்களுக்கு இதைவிடப் பெரிய வரம் கிடையாது.

சும்மா நிற்பதும் ஜெயிப்பதும்

இதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஜோஜோவை வரைந்த ஹிரோஹிகோ அராகியின் ஆட்கள் நிற்கும் விதமே தனி, இடுப்பு ஒரு பக்கம், தோள் எதிர்ப்பக்கம், விரல்கள் எங்கேயோ. ஆளின் திமிர் நிற்பதிலேயே தெரியும். உங்கள் கேரக்டர் சும்மா நிற்கும் நிலையை இருபது விதமாகக் கிறுக்கிப் பாருங்கள், அதில் எதை நீங்களே எழுந்து நின்று செய்து பார்க்க ஆசைப்படுகிறீர்களோ அது. ஜெயித்த பிறகான நிலைக்கு இரண்டு நொடி கிடைக்கும். அதில் ஒரு குணம் மட்டும்: தொப்பியைத் தூக்கிப் போடுவது, முதுகைத் திருப்பிக்கொள்வது, அழுவது. இரண்டு குணம் காட்டப் போனால் இரண்டுமே தெரியாது.

ஒரே கிணற்றில் இறைக்காதீர்கள்

கில்டி கியரை உருவாக்கிய டைசுகே இஷிவதாரி, பாஸ்டர்ட் என்ற கற்பனை மங்காவின் தாக்கத்தை மறைத்ததே இல்லை. ஆனால் அதன் மேல் ராக், மெட்டல் இசையைக் கொட்டினார். நாயகன் சோல் பேட்கையின் பெயரே ஃப்ரெடி மெர்க்குரியின் தனி ஆல்பத்தை நோக்கிக் கைகாட்டுகிறது. மங்கா ஒரு பக்கம், இசை ஒரு பக்கம், இரண்டும் மோதிய இடத்தில் மூன்றாவதாக ஒன்று பிறந்தது. டெக்கனின் கிங்கில் பாதிரியார் செய்த வேலையை இங்கே இசை செய்கிறது. ஆகவே என் கணக்கு எளிமையானது: மங்காவிலிருந்து ஒன்று எடுத்தால் மங்காவுக்குச் சம்பந்தமே இல்லாத இடத்திலிருந்து இரண்டு. பூச்சிகள், பழைய கட்டடங்கள், நடனம், பட்டறைக் கருவிகள், எது வேண்டுமானாலும்.

இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு கே9999 என்ற கேரக்டர் சாட்சி. 2001-இல் கிங் ஆஃப் ஃபைட்டர்ஸுக்குள் வந்தவன். அவன் கை வீங்கிச் சதைப்பிண்டமாய் உருமாறும். தோற்றம், கோபம், சக்தி எல்லாமே கட்சுஹிரோ ஓடோமோவின் ஆகிரா மங்காவில் வரும் டெட்சுவோ. போதாததற்கு ஆகிராவின் அனிமே திரைப்படத்தில் டெட்சுவோவுக்குக் குரல் கொடுத்த நொசோமு சசாகியையே இவனுக்கும் பேச வைத்தார்கள். அடுத்த ஆண்டு விளையாட்டிலும் வந்தான். பிறகு அந்த 2002 விளையாட்டின் மறுபதிப்பு 2009-இல் வந்தபோது அவன் இடத்தில் நேம்லெஸ் என்று வேறொருவன் நின்றான். 2022-இல் பதினைந்தாம் பாகத்தில் குரோனன் என்ற பெயரில், உடையும் உடம்பும் மாறி, கையில் உலோகம் ஏறி, பழைய ஆளின் வாசனை மட்டும் மிஞ்ச மறுபடி வந்தான். இத்தனைக்கும் அந்த உருமாறும் கை விளையாட்டுக்குப் பொருத்தமான அருமையான யோசனை, தொலைவிலிருந்தும் அடிக்கலாம், கிட்டேயும் பிடிக்கலாம். யோசனையை மட்டும் எடுத்து முகத்தை விட்டிருந்தால் இருபது ஆண்டு ஒளிந்திருக்க வேண்டியதில்லை.

கிண்டலுக்காக நகல் எடுப்பது வேறு கணக்கு. எஸ்.என்.கேயின் ரியோ, ராபர்ட் என்ற இரு கேரக்டர்களையும் கலந்து, அடியை அரைகுறையாக்கி, கேப்காம் செய்த டான் ஹிபிகியைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. ஏனென்றால் எங்கிருந்து எடுத்தது என்பது எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்றே எடுத்தார்கள்.

கடைசியில் கண்ணாடி முன் நிறுத்துங்கள்

இப்போது வண்ணப்பெட்டியைத் திறக்கலாம். முதன்மையாய் மூன்று வண்ணம், அதில் ஒன்று அடிக்கும் பகுதிக்கு. பிறகு அதே ஆளுக்கு இன்னும் நாலு வண்ணத் தொகுப்பு போட்டுப் பாருங்கள். ஏதாவது ஒன்றில் ஆள் அடையாளம் தெரியாமல் போனால் தப்பு வண்ணத்தில் இல்லை, இரண்டாவது பகுதிக்கே திரும்பிப் போக வேண்டும்.

பலரும் மறக்கும் சோதனை ஒன்று பாக்கி. இருபரிமாண விளையாட்டில் கேரக்டர் பக்கம் மாறும்போது அதே படத்தை இடவலமாகத் திருப்பிவிடுவார்கள். சகாட் பக்கம் மாறினால் அவன் கண்பட்டையும் கண் மாறிவிடும், பார்த்திருப்பீர்கள். உடையின் மடிப்பும் அப்படியே. ஜப்பானிய முறையில் இடது மடிப்பு மேலே வர வேண்டும், வலது மேலே வந்தால் அது பிணத்துக்குக் கட்டும் முறை. ஸ்பிரைட்டைத் திருப்பியதும் ரியூ பிணக்கட்டில் நிற்கிறான். மங்காவுக்கும் இந்த விபத்து நடந்தது. ஆங்கிலத்தில் முதலில் வந்தபோது இடமிருந்து வலமாய்ப் படிக்க வசதியாகப் பக்கங்களைக் கண்ணாடி பிம்பமாய்த் திருப்பி அச்சடித்தார்கள், 1988-இல் தொடங்கிய ஆகிராவின் அமெரிக்கப் பதிப்பும் அப்படித்தான். வலக்கைக்காரர்கள் எல்லாம் இடக்கைக்காரர்கள் ஆனார்கள்.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3-இல் உடம்பு பாதி சிவப்பு, பாதி நீலமாய் இருக்கும் கில்லுக்கு இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாகப் படம் வரைந்து இதைத் தவிர்த்தார்கள். உங்களிடம் அவ்வளவு ஆள் பலம் இருக்காது. எனவே உங்கள் கேரக்டரைத் திருப்பிப் பாருங்கள். ஒற்றைக் கண், ஒற்றைக் கையுறை, நெஞ்சில் எழுத்து எதுவாவது உறுத்தினால், ஒன்று அதை நடுவுக்கு நகர்த்துங்கள், இல்லை இரண்டு பக்கமும் போடுங்கள். என் ஆளின் சங்கிலி இப்போது இரண்டு கையிலும் இருக்கிறது, பாதி முகமூடி நெற்றிக்கு ஏறிவிட்டது. மிஞ்சிய ஒற்றை பெல்ட்டின் முடிச்சு மட்டும் நடுவில் தொங்குகிறது, அவன் உதைக்கும்போது அது எதிர்ப்பக்கம் பறக்கும்.